டிஸ்கோர்ஸ்: வாட்ஸ்அப்பிலிருந்து இடம்பெயர்ந்த ஓர் அரசியல் வாசகர் வட்டத்தின் மதிப்புரை

திருச்சியில் ஒரு தொழிற்சங்கக் கட்டடத்தின் மாடியில் மாதம் ஒரு ஞாயிறு கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில் பெரியாரைப் படித்து வந்தவர்களும், அம்பேத்கரைப் படித்து வந்தவர்களும், இடதுசாரிகளும், தமிழ்த் தேசியம் பேசுபவர்களும், எந்த அடைமொழியும் தமக்கு வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். நேரில் கூடும்போது முப்பது பேருக்கு மேல் வருவதில்லை. இணையத்திலோ அறுநூறு பேரைத் தாண்டிவிட்டோம். இந்த அறுநூறு பேரின் பேச்சை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு என்னிடமும் வேறு இருவரிடமும் வந்து சேர்ந்தபோது நாங்கள் தேர்ந்தெடுத்து, கடந்த பதினான்கு மாதங்களாகப் பயன்படுத்திவரும் டிஸ்கோர்ஸ் என்னும் விவாத மென்பொருளைப் பற்றியது இந்த மதிப்புரை. நான் கணினித் துறையைச் சேர்ந்தவன் அல்லன். கூட்டத்துக்கு நாற்காலி போடுபவன் எந்தக் கண்ணோடு மண்டபத்தைப் பார்ப்பானோ அந்தக் கண்ணோடுதான் இதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் எங்கிருந்து வந்தோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். மற்ற எல்லாரையும்போல நாங்களும் வாட்ஸ்அப் குழுவில்தான் தொடங்கினோம். அப்போது ஒரு குழுவில் 256 பேருக்கு மேல் சேர முடியாது என்பதால், முதல் குழு நிறைந்ததும் ‘வட்டம் – 2’ என்று இன்னொன்றைத் திறந்தோம். யார் எந்தக் குழுவில் இருப்பது என்பதைத் தீர்மானித்தது கருத்தும் அல்ல, ஊரும் அல்ல, சேர்ந்த தேதி. ஒரே கேள்விக்கு இரண்டு குழுவிலும் தனித்தனியாக விவாதம் நடக்கும். ஒன்றில் தீர்ந்துபோன சந்தேகம் மற்றொன்றில் அன்றுதான் பிறக்கும். 2022இல் அந்த வரம்பு 512 ஆகவும், அதே ஆண்டின் பிற்பகுதியில் 1024 ஆகவும் உயர்ந்தபோது இரண்டையும் ஒன்றாக்கினோம். அது தவறு என்று புரிய ஒரு வாரம் ஆயிற்று.

எங்கள் உறுப்பினரான ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் மக்களவைத் தொகுதி மறுவரையறை பற்றி நான்கு பகுதிகளாக எழுதினார். மாநிலங்களுக்கான இடப் பங்கீட்டை 1971ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி நிறுத்திவைத்த 1976ஆம் ஆண்டின் 42ஆவது அரசமைப்புத் திருத்தத்தில் தொடங்கி, அந்த நிறுத்தத்தை 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்த 84ஆவது திருத்தம் வரையில் வந்து, தமிழ்நாட்டின் 39 இடங்கள் எந்தக் கணக்கில் எப்படி மாறக்கூடும் என்று அட்டவணையே போட்டுக் காட்டியிருந்தார். அவருடைய இரண்டாம் பகுதிக்கும் மூன்றாம் பகுதிக்கும் இடையில் ஓர் இரங்கல் செய்தி வந்தது. அதற்கு எழுபது பேர் கைகூப்பினார்கள். நான்காம் பகுதியை எத்தனை பேர் படித்தார்கள் என்று அவர் என்னிடம் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. மூன்று மாதம் கழித்து அதே தலைப்பில் ஓர் இளைஞர் அரிச்சுவடியிலிருந்து கேள்வி கேட்டார். யாரும் அந்த ஆசிரியரின் கட்டுரையைத் தேடி எடுத்துக் கொடுக்கவில்லை. அவரும் மறுபடி எழுதவில்லை.

இது வாட்ஸ்அப்பின் குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். அது வீட்டுக்காரர்களும் நண்பர்களும் பேசிக்கொள்வதற்காகச் செய்யப்பட்ட கருவி. அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. கூடத்தில் கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் அதே கூடத்தில் பட்டிமன்றமும் நடத்த வேண்டும் என்று அடம்பிடித்தது நாங்கள்தான்.

மாற்று தேடிய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாட்ஸ்அப்பே 2022 நவம்பரில் பரவலாக வெளியிட்ட ‘கம்யூனிட்டி’ வசதி, பல குழுக்களை ஒரே குடையின்கீழ்க் கொண்டுவந்து மேலே ஓர் அறிவிப்புக் குழுவை வைக்கிறது. அறிவிப்புக்கு அது மிக நன்று. ஆனால் ஒவ்வொரு குழுவின் உள்ளேயும் அதே ஓடும் ஆறுதான். டெலிகிராம் அதே நவம்பரில் கொண்டுவந்த ‘டாபிக்ஸ்’ ஒரு படி மேல். ஒரு குழுவுக்குள்ளேயே தலைப்புவாரியாக அறை பிரித்துக்கொள்ளலாம். இரண்டு லட்சம் பேர் வரை சேரலாம். எனினும் ஒவ்வொரு தலைப்பும் அரட்டையின் வடிவத்திலேயே இருப்பதால், எட்டுப் பத்தி எழுதுபவர் அங்கேயும் கூச்சப்படுகிறார். நியூசிலாந்தின் வெலிங்டனில், பொது இடங்களில் கூடிப் போராடிய ‘ஆக்குபை’ இயக்கத்தின் அனுபவத்திலிருந்து பிறந்த லூமியோ என்னும் முடிவெடுக்கும் கருவியையும் பார்த்தோம். ஒரு முன்மொழிவை வைத்து ஏற்பு, மறுப்பு, விலகல், தடை என்று நிலைப்பாடு பெறுவதில் அதற்கு இணை இல்லை. 2014இல் ஸ்பெயினின் பொதேமோஸ் கட்சி உருவானபோது அதன் வட்டங்கள் பல அதைத்தான் கையில் எடுத்தன. ஆனால் நாங்கள் முடிவெடுக்கும் அமைப்பு அல்ல, வாதிடும் அமைப்பு. வருடத்துக்கு நான்கு முடிவுக்கு மேல் எங்களுக்குத் தேவைப்படுவதில்லை. தைவானில் 2015இல் ஊபர் விவகாரத்தில் பயன்பட்ட போலிஸ் (Pol.is) என்னும் கருத்தறியும் கருவியில் பதில் எழுதும் பொத்தானே கிடையாது. கூற்றுகளுக்கு உடன்பாடு, மறுப்பு சொல்லலாம், அல்லது கடந்துபோகலாம். சண்டையைத் தவிர்ப்பதற்கு அது நல்ல உபாயம்தான். சண்டை போடுவதற்காகவே மாதம் ஒருமுறை பேருந்தேறி வருகிறவர்களிடம் அதைக் கொடுத்தால் என் மண்டை உருண்டிருக்கும்.

டிஸ்கோர்ஸ் 2013 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. நிரலாளர்களின் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவை நிறுவியவர்களில் ஒருவரான ஜெஃப் அட்வுட், ராபின் வார்ட், சாம் சாஃப்ரன் ஆகியோருடன் சேர்ந்து தொடங்கியது. குனூ பொது உரிமத்தின்கீழ் மூல நிரல் முழுவதும் திறந்திருக்கிறது; பணம் கொடுத்து அந்த நிறுவனத்திடமே தளத்தை நடத்தச் சொல்லலாம், அல்லது நாமே ஒரு வழங்கியை (சர்வரை) வாடகைக்கு எடுத்து நிறுவிக்கொள்ளலாம். நாங்கள் இரண்டாவது வழியில் போனோம். இதற்கு நினைவகம் குறைந்தது ஒரு ஜிகாபைட் வேண்டும். இரண்டு இருந்தால் நிம்மதி. நிறுவுவதை எங்கள் வட்டத்தின் பொறியியல் மாணவி ஒருவர் ஒரு மாலையில் முடித்துவிட்டார். மின்னஞ்சலைச் சரிசெய்ய மட்டும் ஒன்பது நாட்கள் ஆயின. இந்த மென்பொருள் மின்னஞ்சல் இல்லாமல் ஓர் அடி நகராது: பதிவுசெய்தல், கடவுச்சொல் மீட்பு, அறிவிப்பு, வாரச் சுருக்கம் எல்லாம் அதன் வழியாகத்தான். பல வழங்கி நிறுவனங்கள் எரித (குப்பை அஞ்சல்) அச்சத்தால் நேரடி மின்னஞ்சல் வாயிலை அடைத்து வைத்திருக்கின்றன என்பதால், அஞ்சல் அனுப்புவதற்கென்று தனிச் சேவை ஒன்றை அமர்த்த வேண்டும். நாங்கள் அமர்த்திய முதல் சேவை எங்கள் அழைப்புக் கடிதங்களில் பாதியை எங்கே கொண்டுபோய்ப் போட்டது என்று இன்றுவரை தெரியவில்லை. இந்தப் பாதையில் போக நினைப்பவர்கள் தளத்துக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே அஞ்சல் சேவையைச் சோதித்துவிடுங்கள்.

இனி, எல்லாரும் சுலபம் என்று நினைத்து, எங்களை இரண்டு மாதம் இழுத்தடித்த வேலைக்கு வருகிறேன்: பேச்சைப் பிரிவுகளாகப் பகுப்பது.

டிஸ்கோர்ஸில் ஒவ்வொரு திரியும், அதாவது ஒரு தலைப்பின்கீழ்த் தொடரும் உரையாடலும், ஏதேனும் ஒரே ஒரு பிரிவுக்குள் இருக்கும். ஆனால் அதற்குப் பல குறிச்சொற்களை இடலாம், இயல்பாக ஐந்து வரை. இந்த ஒரு விதியின் முழுப் பொருளும் எங்களுக்குத் தொடக்கத்தில் விளங்கவில்லை. நூலகம் நடத்திய அனுபவம் உள்ளவர்கள் என்னும் திமிரில், பொருள்வாரியாக 19 பிரிவுகளைக் காகிதத்தில் எழுதினோம்: மாநில உரிமை, சாதி, பெண்கள், மொழி, பொருளாதாரம், சூழல், ஈழம், உள்ளாட்சி என்று போய்க்கொண்டே இருந்தது. அந்தப் பட்டியலைப் பொதுக்கூட்டத்தில் வாசித்தபோது முதல் எதிர்ப்பு ஒரு பெண் உறுப்பினரிடமிருந்து வந்தது. “எங்களுக்கு ஒரு அறையை ஒதுக்கிக் கொடுத்துவிட்டு, பொருளாதாரமும் மாநில உரிமையும் பேச நீங்கள் கூடத்தில் உட்கார்ந்துகொள்வீர்களா?” என்று கேட்டார். பதில் சொல்ல எழுந்த இருவர் பாதியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அடுத்த கேள்வி இன்னும் கடினமானது. 2022 டிசம்பரில் எங்கள் பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில், வேங்கைவயலில், பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலக்கப்பட்ட கொடுமையை இந்தப் பட்டியலில் எங்கே வைப்பது? ‘சாதி’ என்னும் பிரிவில் வைத்தால், உள்ளாட்சி பற்றி மட்டும் பேச வருகிறவர் அதைப் பார்க்காமலேயே போய்விடலாம். சாதியைப் பேச வேண்டியவர்கள் வேறு யாரோ என்று ஆகிவிடும். ‘உள்ளாட்சி’யில் வைத்தால் தொட்டியைக் கழுவும் பிரச்சினையாக அது சுருங்கிவிடும். ‘சட்டம் ஒழுங்கு’ என்று ஒருவர் முணுமுணுத்தார். அவரை நாங்கள் பொருட்படுத்தவில்லை. எதை எந்தத் தலைப்பின்கீழ் வைப்பது என்பதே ஓர் அரசியல் நிலைப்பாடு என்பதை அரசியல் பேசுவதற்கென்றே கூடுகிற நாங்கள் அன்றைக்குத்தான் கண்டுகொண்டோம்.

ஆகவே அந்த 19 பிரிவுகளையும் கிழித்துப்போட்டு, வேறொரு அச்சில் பிரித்தோம். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைக் குறிச்சொற்களிடம் விட்டுவிட்டு, எந்த முறையில் பேசுகிறோம் என்பதைப் பிரிவுகளாக்கினோம். அன்றைய செய்தியைப் பகிர்ந்து உடனே பேசுவதற்கு ‘இன்று’. ஆதாரத்தோடும் அவசரமில்லாமலும் வாதிடுவதற்கு ‘விவாதம்’. நூலை ஒட்டிப் பேச ‘வாசிப்பு’. கிராம சபை, மனு, தகவல் அறியும் உரிமைச் சட்ட விண்ணப்பம் போன்ற வேலைகளுக்குக் ‘களம்’. வட்டத்தின் வரவுசெலவு, விதி, புகார் ஆகியவற்றுக்கு ‘நடத்தை’. மற்ற எல்லாவற்றுக்கும் ‘திண்ணை’. மொத்தம் ஆறு. வேங்கைவயல் திரி ‘விவாதம்’ பிரிவில் இருக்கிறது. அதற்குச் சாதி, உள்ளாட்சி, குடிநீர், காவல்துறை என்று நான்கு குறிச்சொற்கள். எந்த வாசலிலிருந்து வந்தாலும் அந்தத் திரி எதிர்ப்படும். டிஸ்கோர்ஸின் அந்த ஒரு விதி எங்களைக் கட்டாயப்படுத்தியிராவிட்டால் இந்த இடத்துக்கு நாங்கள் வந்திருக்க மாட்டோம் என்பதால், இதற்கான பாதிப் பாராட்டை மென்பொருளுக்கே தருகிறேன்.

குறிச்சொற்களில் தமிழுக்கென்று ஒரு தொல்லை உண்டு. ஒருவர் ‘இடஒதுக்கீடு’ என்று எழுதுவார், மற்றவர் ‘இட ஒதுக்கீடு’ என்பார், மூன்றாமவர் ‘ரிசர்வேஷன்’ என்றே போடுவார், நான்காமவர் ‘வகுப்புரிமை’தான் சரியான சொல் என்று தனியாக ஒரு போராட்டமே நடத்துவார். குறிச்சொல்லில் இடைவெளி வந்தால் மென்பொருள் அங்கே ஒரு சிறு கோட்டைப் போட்டுவிடும். இதற்கு மருந்தும் உள்ளேயே இருக்கிறது: ஒரு குறிச்சொல்லுக்கு மற்றவற்றை ஒத்த சொற்களாக இணைத்துவிட்டால், யார் எதை எழுதினாலும் ஒன்றிலேயே போய்ச் சேரும். நாங்கள் மாதம் ஒருமுறை அந்தப் பட்டியலை உட்கார்ந்து ஒழுங்குசெய்கிறோம். எந்தச் சொல் தலைமைச் சொல் என்பதற்கு வாக்கெடுப்பு நடத்தினோம். உள்ளேயே இருக்கும் வாக்கெடுப்பு வசதியில், முடிவு தெரிவதற்கு முன் வாக்களித்தே ஆகவேண்டும் என்று வைக்க முடிகிறது. ‘வகுப்புரிமை’ தோற்றது. அந்த நண்பர் இன்றுவரை அந்தச் சொல்லையே இடுகிறார். மென்பொருளும் அதை ஒவ்வொரு முறையும் அமைதியாக மாற்றிக்கொண்டே இருக்கிறது.

இடமாற்றும் வசதிதான் என் பார்வையில் இதன் ஆகச் சிறந்த பகுதி. நூறு பதிவுகள் ஓடிய திரியில் நடுவே திசைமாறிப்போன பதினான்கு பதிவுகளைத் தேர்ந்தெடுத்து, புதிய திரியாகப் பெயர்த்து நடலாம், ஏற்கெனவே உள்ள வேறொரு திரியோடு சேர்க்கலாம், தலைப்பைத் திருத்தலாம், பிரிவை மாற்றலாம். பெயர்த்த இடத்தில், இத்தனை பதிவுகள் இன்ன இடத்துக்குப் போயிருக்கின்றன என்ற குறிப்பும் சுட்டியும் தங்கிவிடும். அச்சில் வந்தது வந்ததுதான் என்னும் பயத்தோடு பிரிவுகளை வகுக்க வேண்டியதில்லை. தவறாக வைத்தால் நாளை திருத்திக்கொள்ளலாம். ஆனால் வசதி இருப்பது ஒன்று, மனிதர்கள் அதை ஏற்பது வேறு. “என் பதிவை ஏன் தூக்கினீர்கள்?” என்ற கேள்வி முதல் இரண்டு மாதங்களில் நாள்தோறும் வந்தது. நாங்கள் ‘நகர்த்தினோம்’ என்றோம். அவர்கள் ‘தூக்கினீர்கள்’ என்றார்கள். கூட்டத்தில் பேசிக்கொண்டிருப்பவரின் ஒலிவாங்கியை வாங்கிப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு அங்கே போய்ப் பேசுங்கள் என்றால் எப்படி இருக்கும் என்று ஒரு தோழர் எழுதியதில் நியாயம் இருந்தது. அதன்பிறகு, நகர்த்துவதற்கு முன்னால் அந்தத் திரியிலேயே ஒரு வரியில் காரணத்தை எழுதுவதையும், ஒரு நாள் காத்திருப்பதையும் விதியாக்கிக்கொண்டோம். புகார்கள் குறைந்தன, நின்றுவிடவில்லை.

திருத்த வரலாற்றையும் இங்கே சொல்ல வேண்டும். பதிவிட்ட சில நிமிடங்களுக்குப் பிறகு யார் தம் பதிவைத் திருத்தினாலும், பதிவின் மேல் ஒரு பென்சில் குறி தோன்றும். அதைச் சொடுக்கினால் பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் அருகருகே பார்க்கலாம். “நான் அப்படிச் சொல்லவே இல்லை” என்னும் நம் அரசியலின் மாபெரும் வாக்கியத்துக்கு இந்தச் சிறு பென்சில் செய்திருக்கும் தீங்கைச் சொல்லி மாளாது.

நம்பிக்கை நிலைகள் என்னும் ஏற்பாட்டில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. புதிதாக வருகிறவர் பூஜ்ய நிலையில் தொடங்குகிறார். தனிமடல் அனுப்ப முடியாது, சுட்டிகளும் படங்களும் அளவோடுதான். ஐந்து திரிகளுக்குள் நுழைந்து, முப்பது பதிவுகளைப் படித்து, மொத்தம் பத்து நிமிடம் செலவிட்டால் முதல் நிலை. பதினைந்து நாட்கள் வந்து, நூறு பதிவுகளைப் படித்து, விருப்பக்குறி கொடுத்தும் பெற்றும், வெவ்வேறு திரிகளில் பதில் எழுதியும் இருந்தால் இரண்டாம் நிலை. மூன்றாம் நிலைக்கு வந்தவர் மற்றவர்களின் திரித் தலைப்பைத் திருத்தலாம், பிரிவை மாற்றலாம். வருகை குறைந்தால் அந்த நிலை பறிபோகும். எரிதக்காரர்களையும், தேர்தல் நேரத்தில் கூட்டமாக வந்து இறங்கும் கட்சிப் பிரச்சாரகர்களையும் தடுப்பதில் இது அருமையாக வேலை செய்கிறது. பேசுவதற்கு முன் படி என்பது வாசகர் வட்டத்துக்கு ஏற்ற கொள்கையும்தான். ஆனால் இந்த ஏணியில் ஏறத் தேவைப்படும் முதல் தகுதி ஓய்வு நேரம். எங்கள் தளத்தில் தானாகவே மூன்றாம் நிலையை எட்டியவர்களில் பெரும்பாலோர் ஓய்வூதியம் பெறுபவர்கள். பாய்லர் தொழிற்சாலையில் மூன்று ஷிப்டுகளில் மாறி மாறி வேலை பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளியான ஓர் உறுப்பினர், மாதம் இரண்டு பதிவு எழுதினாலும் மற்றவர்கள் இருபதில் சொல்லாததைச் சொல்வார். அவர் முதல் நிலையைத் தாண்டவே இல்லை. நிலையை நிர்வாகி கையால் உயர்த்திப் பூட்டிவைக்க வழி இருக்கிறது; நாங்கள் அதைத் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். நேரத்தை மதிப்பாக எண்ணும் எந்த அமைப்பும் தொழிலாளர் வட்டத்துக்கு அப்படியே பொருந்தாது என்பதைத் தொடங்கும்போதே மனத்தில் வைப்பது நல்லது.

சண்டையைக் கையாள்வதில் மென்பொருள் நிதானமானது. ஒரு பதிவைப் பலர் தகாதது என்று கொடியிட்டால் அது தானாக மறைக்கப்படும். எழுதியவருக்குத் தனிச்செய்தி போகும். அவர் திருத்தினால் மீண்டும் வெளிப்படும். முகத்தில் அறையாமல் தோளைத் தொட்டுச் சொல்வதுபோல. ஒரே ஆள் ஒரு திரியை முழுவதும் பிடித்துக்கொண்டால், மற்றவர்களுக்கும் இடம் கொடுங்கள் என்று எழுதும் பெட்டியருகே ஒரு குறிப்பு வரும். சூடேறிய திரியில் ‘மெதுவாக’ என்னும் முறையை இயக்கினால், ஒருவர் ஒரு பதிவுக்கும் அடுத்ததற்கும் இடையில் நாம் வைத்த நேரம் வரை காத்திருந்தே ஆக வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலைப் பற்றிய பழைய கணக்குகள் ஒரு நாள் கிளம்பியபோது நான்கு மணி நேர இடைவெளி வைத்தோம். அன்றிரவு எழுதப்பட்ட பதிவுகளைப்போல் நீளமானவற்றை அதற்குமுன் நாங்கள் கண்டதில்லை; அவற்றில் மூன்று அச்சிலேற்றத் தகுந்தவை. ஆனால் கொடியிடுவதைப் பெரும்பான்மை ஓர் ஆயுதமாக்கிக்கொள்ளும் அபாயம் எப்போதும் உண்டு. எங்களிடம் சிறுபான்மைக் கருத்துடைய ஒருவரின் பதிவு, அதில் வசை ஏதும் இல்லாதபோதும், ஒரே மாலையில் கொடிகளால் மறைந்தது. நாங்கள் அதை மீட்டு, கொடியிட்டவர்களிடம் விளக்கம் கேட்டோம். கொடியிட்ட பதிவு எவ்வளவு எளிதில் மறையும் என்பதை அமைப்புகளில் மாற்றலாம். அரசியல் குழுக்கள் இதை இயல்பான நிலையிலேயே விட்டுவைக்கக் கூடாது.

விருப்பக்குறி இயல்பாக ஓர் இதயம் மட்டுமே. நன்றாக வாதிடப்பட்ட, ஆனால் நாம் முழுமையாக மறுக்கும் பதிவுக்கு இதயம் போடுவதா என்று எங்களில் பலர் தயங்குகிறார்கள். வேறு குறிகளைச் சேர்க்கும் செருகுநிரல் (கூடுதல் வசதிக்கான துணை நிரல்) இருக்கிறது. இருந்தாலும் நாங்கள் சேர்க்கவில்லை. இந்தத் தயக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

சட்டத்தையும் எண்ணிப் பார்த்தோம். ஒரு வாட்ஸ்அப் குழுவில் உறுப்பினர் இடும் பதிவுக்கு அட்மின் என்பதாலேயே ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரிலும், கேரள உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியிலும் கூறியிருக்கின்றன. ஆளைச் சேர்ப்பதும் நீக்குவதும் தவிர அட்மினுக்குப் பதிவுகளின்மேல் அப்போது பெரிய அதிகாரம் இருக்கவில்லை என்பது அந்தச் சிந்தனையின் ஓர் அடிப்படை. சொந்த வழங்கியில் நடத்தும் டிஸ்கோர்ஸிலோ பேச்சை ஒழுங்குபடுத்தும் மட்டுறுத்துநருக்கு எந்தப் பதிவையும் நீக்கும், திருத்தும் அதிகாரம் இருக்கிறது. அதிகாரம் கூடினால் பொறுப்பும் கூடும் என்ற எண்ணத்தில், எங்கள் வட்டத்தின் வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டே விதிகளை எழுதினோம். மற்றவர்களும் அப்படியே செய்வது நல்லது.

அந்தரங்கம் பற்றிய எச்சரிக்கை இதைவிட முக்கியமானது. வாட்ஸ்அப்பில் செய்திகள் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்படுகின்றன; அனுப்புபவரும் பெறுபவரும் தவிர இடையில் வேறு யாரும் படிக்க முடியாது. இங்கே அப்படி இல்லை. தனிமடல் என்று அழைக்கப்படுவதையும் நிர்வாகி விரும்பினால் படிக்க முடியும். எங்களிடம் அரசு ஊழியர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுடைய நடத்தை விதிகள் அரசியலில் பங்கேற்பதை எந்த அளவுக்குக் கட்டுப்படுத்துகின்றன என்பது அவர்களுக்கே தெரியும். ஆகவே புனைபெயரை அனுமதித்தோம். தளத்தை உறுப்பினர்கள் மட்டும் உள்நுழைந்து படிப்பதாக வைத்தோம். தனிமடலில் ரகசியம் பேசாதீர்கள் என்று வரவேற்புக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதினோம். நிர்வாகி பதவியை மூவருக்கு மேல் கொடுக்கவில்லை. அந்த மூவரும் ஒரே கருத்துடையவர்களாக இல்லாதபடி பார்த்துக்கொண்டோம்.

தமிழில் பயன்படுத்துவதற்குச் சில சில்லறை வேலைகள் இருக்கின்றன. பயனர்பெயரைத் தமிழில் வைத்துக்கொள்ளும் வசதி இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும்; அமைப்புகளில் தேடி இயக்க வேண்டும். திரியின் முகவரியில் தமிழ்த் தலைப்பு இயல்பாக வராது. வரவழைக்கலாம், ஆனால் அந்தச் சுட்டியை வேறெங்காவது ஒட்டினால் விழுக்காட்டுக் குறிகளும் எண்களுமாக முழங்கை நீளத்துக்கு நீளும். நாங்கள் தலைப்பே இல்லாத குட்டை முகவரியோடு நின்றுவிட்டோம். தளத்தில் தோன்றும் சொற்களை நிர்வாகி தாமே மாற்றி எழுதிக்கொள்ளலாம் என்பது மகிழ்ச்சியான செய்தி; இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து முக்கியமான பொத்தான்களுக்கெல்லாம் தமிழ்ப் பெயர் வைத்தோம். பதிவு குறைந்தது இருபது எழுத்து இருக்க வேண்டும் என்ற இயல்பான விதியால், எதற்கும் “சரி தோழர்” என்று மட்டுமே எழுதிப் பழகிய எங்கள் மூத்த உறுப்பினர் திண்டாடினார். இப்போது “சரி தோழர், படித்தேன், யோசிக்கிறேன்” என்று எழுதுகிறார். சில நேரங்களில் உண்மையிலேயே யோசித்துவிட்டு மறுநாள் திரும்பியும் வருகிறார்.

எல்லாரும் வந்துவிட்டார்களா என்றால், இல்லை. அறுநூறு பேரில் பதிவுசெய்துகொண்டவர்கள் இருநூற்றுச் சொச்சம், எழுதுபவர்கள் ஐம்பதுக்குள். கைப்பேசியில் உலாவியைத் திறந்து, கடவுச்சொல் போட்டு, ஒரு தளத்துக்குள் நுழைவது என்பது பலருக்கு இன்னும் வங்கிக்குப் போவதைப் போன்ற வேலை. அறிவிப்பு மின்னஞ்சலுக்குப் பதில் அனுப்பினாலே அது திரியில் பதிவாகிவிடும் என்னும் அருமையான வசதியை நாங்கள் அமைத்துக் கொடுத்தோம். ஆனால் மின்னஞ்சலை அலுவலகத்துக்கு மட்டும் என்று ஒதுக்கிவைத்திருக்கும் தலைமுறைக்கு அது உதவவில்லை. ஆகவே வாட்ஸ்அப்பை மூடவில்லை. அங்கே இப்போது அட்மின்கள் மட்டும் எழுதும் அறிவிப்புக் குழு ஒன்று இருக்கிறது. கூட்டத் தேதி, இரங்கல், வாரத்தின் மூன்று திரிகளுக்கான சுட்டி ஆகியவை அதில் போகும். அரட்டைக்கென்று தனிக் குழு ஒன்றையும் விட்டுவைத்தோம். காலை வணக்கங்கள் அங்கே நலமாக இருக்கின்றன. பேச்சு முழுவதையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று நினைத்திருந்தால் இரண்டையும் இழந்திருப்போம்.

பழைய வாட்ஸ்அப் உரையாடல்களைப் புதிய இடத்துக்கு அப்படியே கொண்டுவர வழி இல்லை. உரையாடலை ஏற்றுமதி செய்தால் ஊடகக் கோப்புகள் இல்லாமல் அண்மைய நாற்பதாயிரம் செய்திகள் வரை ஓர் உரைக் கோப்பாகக் கிடைக்கும். அதிலிருந்து பயனுள்ளவற்றைக் கையால் பொறுக்கி, எழுதியவரின் இசைவைப் பெற்று, திரிகளாக நட்டோம். கணித ஆசிரியரின் நான்கு பகுதிகளையும் ஒரே திரியாகச் சேர்த்தது நான்தான். அதன்கீழ் இதுவரை 93 பதில்கள் வந்திருக்கின்றன; கடைசியாக வந்தது போன வாரம், அவர் அட்டவணையில் ஒரு கூட்டல் பிழையைச் சுட்டிக்காட்டி, அன்று அரிச்சுவடிக் கேள்வி கேட்ட அதே இளைஞர் எழுதியது.

இருபது பேர் உள்ள குழுவுக்கு டிஸ்கோர்ஸ் வேண்டாம்; வெறிச்சோடிய மண்டபம்போல் இருக்கும். உடனடியாக ஆட்களைத் திரட்ட வேண்டிய போராட்டக் குழுவுக்கும் வேண்டாம். நூறு பேருக்கு மேல் இருந்து, அவர்களில் பத்துப் பேராவது நீளமாக எழுதுபவர்களாகவும், ஒருவராவது வழங்கியைப் பராமரிக்கக் கூடியவராகவும், மூவராவது திட்டு வாங்கத் தயாராக இருப்பவர்களாகவும் அமைந்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். தளம் முழுவதையும் ஒரே கோப்பாகக் காப்புநகல் எடுக்கும் வசதி நிர்வாகப் பக்கத்திலேயே இருக்கிறது. நாங்கள் ஒவ்வொரு மாதக் கூட்டத்துக்கும் முந்தைய நாள் எடுத்து, ஒரு நகலை வழங்கிக்கு வெளியேயும், இன்னொன்றைத் தொழிற்சங்க அலுவலகப் பீரோவில் ஒரு வன்தட்டிலும் வைக்கிறோம். பீரோவின் சாவி பொருளாளரிடம் இருக்கிறது; அவர் இன்னும் தளத்தில் பதிவுசெய்யவில்லை.